டேப்பின் மறுமுனை

முசஃபா, அபுதாபி
12-5-2007

அன்புள்ள அம்மையப்பன் அண்ணனுக்கு,

நெய்னா எழுதுகிறேன். ஊரில் அண்ணி சுகமா? தாமரை மாப்பிள்ளை வீட்டில் நன்றாக இருக்கிறாளா? பத்து நாளாகப் போன் அடித்துப் பார்க்கிறேன். ஒருமுறை அண்ணி எடுத்து, "அவங்க குளிக்கிறாங்க தம்பி" என்றார்கள். பின்னாலேயே உங்கள் இருமல் கேட்டது. அதனால்தான் கடிதம்.

கேம்ப் ரூமில் நீங்கள் விட்டுப்போன தச்சுப் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உளிகளுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்கு ஏர்போர்ட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இருந்தேன். டூட்டி விடவில்லை. அதாவது, கேட்டிருந்தால் ஸ்ரீனிவாசன் சார் விட்டிருப்பார். நான் கேட்கவில்லை. வந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

சார் உங்களைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுகிறார். "கம்பெனியைக் காப்பாத்த யாராவது ஒருத்தர் பேரச் சொல்லித்தான ஆகணும் நெய்னா" என்றார். அண்ணே, நடந்தது நடந்துவிட்டது. இதில் யார் மீதும் தப்பு என்று சொல்ல முடியாது. கோபம் ஆறியதும் ஒரு வரி போடுங்கள்.

தம்பி,
நெய்னா


தில்லைவிளாகம்
29-5-2007

திரு. நெய்னா முகம்மது அவர்களுக்கு,

கடிதம் வந்தது. யார் மீதும் தப்புச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அடேயப்பா! அதைத்தான் சொல்லிவிட்டீர்களே. என் கையில் கொடுத்த அரபித் தாளை ஏர்போர்ட்டில் ஒரு மலையாளி படித்துச் சொன்னான்: "பாலத்தின் பழைய நீளத்தைத் தவறாக அளந்து கொடுத்தவர், தச்சு மேஸ்திரி அம்மையப்பன். இனி இந்த நாட்டில் வேலை செய்யத் தடை."

நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அர்பாப் என்று நாம் கூப்பிடும் அந்த அரபு முதலாளி வீட்டுப் பின்னால், அலையாத்திச் சேற்றின் மேல், படகில் ஏறுவதற்கு அவருடைய தகப்பனார் காலத்தில் போட்ட மரப்பாலம். சட்டம் எதுவும் வராத காலத்தில் போட்டது. உள்ளது உள்ளபடி ரிப்பேர் செய்தால் ஒரு தாளோடு அனுமதி கிடைக்கும். ஒரு சாண் நீட்டினாலும் புதுப்பாலம் என்று கணக்கு. அப்போது சேற்றைப் பார்க்க வேண்டும், மரத்தை எண்ண வேண்டும், ஒரு வருஷம் ஆகும். இதையெல்லாம் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னதே நீங்கள்தான். பலகைக்குப் பலகை விரல் அளவு சந்து விட வேண்டும், கீழே இருக்கும் செடிக்கு வெயில் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்ததே, அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் முத்துப்பேட்டைக் காட்டைப் பார்த்தவன் யாரோதான் எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். நீங்களும் அதிராம்பட்டினத்துக்காரர்தானே, சிரித்தீர்கள்.

அர்பாப் பெரிய படகு வாங்கினார். தண்ணீர் வடியும்போது அது தரை தட்டியது. பாலம் இன்னும் ஒன்பது மீட்டர் போனால்தான் ஆழம். நான் அளந்து கொடுத்தது முப்பத்தொன்று. நீங்கள் வரைந்த பிளான் படத்தில் "பழைய நீளம் நாற்பது" என்று வந்தது. முப்பத்தொன்று எந்த வழியாகப் போய் நாற்பது ஆனது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் நீங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? நம்மோடு இருந்த விமல் லீவில் வந்து டீக்கடையில் கதை சொல்லிவிட்டான். செய்கு அலாவுதீன் மரைக்காயர் புது வீட்டுக்குக் கதவு நிலை எல்லாம் நான்தான் செய்வதாகப் பேச்சு. போன வாரம் ஆள் விட்டு, "மேஸ்திரி, வேற ஆள் பாத்துட்டோம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "அளவு தப்பிப் போயிடுமோன்னு மொதலாளி பயப்படுறாங்க" என்கிறான். இருபத்தெட்டு வருஷமாக உளி பிடித்த கை இது.

விசா போகட்டும். அளவு தெரியாத தச்சன் என்ற பெயரோடு நான் சாக மாட்டேன். தொண்ணூறு நாளுக்குள் மறுப்பு எழுதலாம் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறதாம். ஜூலை இருபத்தொன்பதோடு முடிகிறது. நாற்பது என்று போட்டது நான்தான் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். போனில் பேச வேண்டாம், பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள்.

பிள்ளையார் சுழி போடாமல் எழுதியிருக்கிறேன். இது நல்ல காரியம் இல்லை.

அம்மையப்பன்


முசஃபா
18-6-2007

அன்புள்ள அண்ணனுக்கு,

"திரு" போட்டு, "நீங்கள்" போட்டு எழுதிவிட்டீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பது என்று போட்டது நான்தான். ஸ்ரீனிவாசன் சார் என் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு, "பழைய பாலத்த எவன் அளந்து வச்சிருக்கான்? நாப்பதுன்னு போடு, கலாஸ், முடிஞ்சுது" என்றார். போட்டேன். அதோடு போயிருக்கும். இந்த வருஷம் அர்பாபுக்குப் பாலத்து முனையில் ஒரு கூரை போட ஆசை வந்தது. கூரைக்கு அனுமதி கேட்டதால் இன்ஸ்பெக்டர் வந்தார். சூடான்காரர், பொறுமையான மனிதர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பாலத்தின் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். பதினோரு ஜோடிக் கால்களில் பழைய சிப்பி ஒட்டியிருக்கிறது, மூன்று ஜோடியில் ஒன்றுமில்லை. மேலே வந்து, "யார் அளந்தது?" என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். நான், "மேஸ்திரி அளந்து சொன்னதைப் போட்டேன், நான் சைட்டுக்குப் போகவே இல்லை" என்று சொன்னேன். அண்ணே, அந்த வாக்கியம் எப்படி அவ்வளவு சுத்தமாக வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூடத் தடுமாறியிருப்பேன்.

இப்போது மாற்றி எழுதினால் என் விசா போகும். ஹாலிதாவும் ஆமிராவும் என் விசாவில்தான் இருக்கிறார்கள். ஆமிரா மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுதக்கூடத் தெரியாது அவளுக்கு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன செய்வாள்? உங்களுக்குத் தாமரை எப்படியோ அப்படித்தான் எனக்கு அவள்.

அதுவும் போக, நான் எழுதினால் மட்டும் நம்புவார்களா? பழைய பாலத்தின் அளவுக்கு ஆதாரம் எங்கே என்பார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு என்னிடம் இல்லை. நான்தான் கிழித்தேன். ஒரு ஆதாரமும் இல்லாமல் நானும் போய், நீங்களும் மீளாமல், யாருக்கு என்ன லாபம்?

என்னை மன்னிக்க வேண்டாம். என் நிலைமையை மட்டும் கொஞ்சம் பாருங்கள்.

நெய்னா


தில்லைவிளாகம்
6-7-2007

திரு. நெய்னா முகம்மது அவர்களுக்கு,

ஆதாரம்தானே வேண்டும்?

கரையை ஒட்டின முதல் பலகையைக் கழற்றுங்கள். பழைய பலகைதான், நன்றாக இருந்ததால் இழைத்துத் திரும்பவும் அதையே போட்டேன். நாலு திருகாணி. திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்.

எந்த வேலை செய்தாலும் முதல் மரத்தின் அடியில் பிள்ளையார் சுழி போட்டு, அளவு, கால் எண்ணிக்கை, தேதி எல்லாம் தச்சுப் பென்சிலால் எழுதி மேலே ஒரு கை வார்னிஷ் பூசிவிடுவேன். பின்னால் ரிப்பேர் செய்ய வருகிறவனுக்கு உதவும். அர்பாபுக்குத் தெரியாது, ஸ்ரீனிவாசனுக்கும் தெரியாது.

இருபத்தொன்பதாம் தேதிக்கு நாள் இருக்கிறது. என் வீட்டுக்காரி நாகவள்ளி உங்களைக் கேட்டாள். "அந்தத் தம்பி நல்ல தம்பிங்க, எழுதிரும்" என்கிறாள்.

அம்மையப்பன்


முசஃபா
30-7-2007

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை எழுதாமல் இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு அர்பாப் வீட்டுக்குப் போனேன். குடும்பமே வெளிநாட்டில். வாட்ச்மேன் பட்டான், "அளவு பார்க்க வந்தேன் பாய்" என்றதும் விட்டுவிட்டார். ஜூலை வெயில், பலகை மேல் கை வைக்க முடியவில்லை. திருகாணி நாலையும் கழற்றிப் பலகையைத் திருப்பினேன்.

உ. 31 மீட்டர். 11 ஜோடிக் கால். 9-10-06. அளந்தது அம்மையப்பன். டேப் பிடித்தது நெய்னா.

என் பெயரையும் எழுதுவீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே அண்ணே! அன்றைக்கு எனக்கு நோன்பு. "தம்பி, வெயில்ல நிக்காத, நீ கரையிலேயே மறுமுனையப் புடி, நான் சேத்துல எறங்குறேன்" என்றீர்கள். எல்லாம் ஞாபகம் வந்தது. சைட்டுக்குப் போகவே இல்லை என்று சொன்னவன் பெயர் சைட்டிலேயே கிடக்கிறது.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். என் பையில் உப்புத்தாள் இருந்தது. உங்கள் பெட்டியிலிருந்து எடுத்தது. பார்ப்பதற்கு முன்பே, வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்ல? தேய்த்தேன். உங்கள் வார்னிஷ் சாமானியமாகப் போகவில்லை. என் பெயர் போய்விட்டது. அடுத்து "31"ல் கை வைத்தேன். "மூன்று" பாதி தேய்ந்துவிட்டது. அதற்கு மேலே அந்தச் சுழி இருந்தது. அது உங்கள் சாமி, என் சாமி இல்லை. ஆனாலும் கை ஓடவில்லை. பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சட்டைக் கையில் மரத்தூள். ஹாலிதா பார்த்துவிட்டாள். "என்னங்க தூளு?" என்றாள். சொன்னேன், எல்லாவற்றையும். இத்தனை மாதமும் அவளிடம் சொன்னதில்லை. விசா போகும், ஆமிராவின் படிப்புப் போகும் என்று அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பேரத் தேச்சு எடுத்துட்டீங்க. அந்த மனுஷன் பேர யாரு எடுத்து விடுவா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு வாரம் நானும் சும்மாதான் இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். நேற்று கடைசி நாள். அலுவலகம் மூடுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது போய்க் கொடுத்தேன். நாற்பது என்று மாற்றியது நான், டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான், பலகையில் இருந்த என் பெயரைத் தேய்த்ததும் நான் என்று மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தச் சூடான்காரர் இரண்டு முறை படித்தார். "ஏன் இப்போது?" என்று கேட்டார். "என் மனைவி பேச மாட்டேன் என்கிறாள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஸ்ரீனிவாசன் சாருக்கு இன்று காலையில் தெரிந்துவிட்டது. "ஒரு நம்பருக்காகவா நெய்னா?" என்றார். விசாவைக் கேன்சல் செய்யச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடக் காகிதங்கள் வாங்கும் வரை கொஞ்ச நாள் தவணை.

உங்கள் உப்புத்தாளைப் பெட்டியில் திரும்ப வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எறிந்துவிட்டேன். வேறு வாங்கி வைக்கிறேன்.

நெய்னா


உ

தில்லைவிளாகம்
14-8-2007

தம்பி நெய்னா,

உன் கடிதத்தை நாகவள்ளி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். உப்புத்தாள் வருகிற இடத்தில் எழுந்து போய்விட்டாள். அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்றாள், அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்கும் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? நீ முழுதாகக் கொட்டிவிட்டாய். நான் கொட்டவில்லை. என்னைப் பெரிய யோக்கியனாக நிறுத்தி உனக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பழமொழி வேறு சொன்னேனே, என் வாயில் மண்ணைப் போட!

கேள். படத்தில் நீ நாற்பது போட்டிருந்ததை வேலை தொடங்கின அன்றைக்கே பார்த்தேன். முப்பத்தொன்று அளந்த கைக்கு நாற்பது தெரியாமலா போகும்? சைட்டில் படத்தை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்து, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீனிவாசன் வந்து, "மேஸ்திரி, டிசம்பருக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா தைக்கு ரெண்டு மாசம் லீவு, பொண்ணு கல்யாணத்த நின்னு நடத்திட்டு வாங்க" என்றார். படத்தைச் சுருட்டிவிட்டு எழுந்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை நிற்கும், வேலை நின்றால் லீவு நிற்கும். கேட்கவில்லை.

அந்த ஒன்பது மீட்டரில் முப்பத்தாறு அலையாத்தி மரம் இருந்தது. யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை, நானாகத்தான் எண்ணினேன். அத்தனையும் என் கைவாளால் அறுத்தேன். வேரெல்லாம் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டு நின்றது, அதன் மேலேயே கால் அடித்து இறக்கினேன். விரல் சந்து விடச் சொன்ன விதியைப் பற்றி உனக்கு எவ்வளவு வாய் கிழியப் பேசினேன்! பலகைக்கு நடுவே சந்து ஒழுங்காகத்தான் விட்டேன். கீழே வெயில் போய் விழ ஒரு செடி மிச்சமில்லை.

அந்த லீவில் வந்துதான் தாமரைக்குக் கல்யாணம் செய்தேன். அவள் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறு ஞாபகம் வருகிறது. நாகவள்ளிக்கு இதை இன்றுதான் சொன்னேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ ஆங்கிலத்தில் மாற்றி அந்தச் சூடான்காரரிடம் கொடு. "நான் அளந்தது சரி. நாற்பது பொய் என்று தெரிந்தே கால் அடித்தேன். முப்பத்தாறு மரம் வெட்டினேன்." அவ்வளவுதான் இருக்கிறது. கொடுத்தால் தடையை எடுக்க மாட்டார்கள் என்று நீ சொல்வாய். எடுக்க வேண்டாம். தப்புச் செய்தவன் என்று என் பெயர் அங்கே இருக்கட்டும், அது நிஜம்தானே. அளவு தெரியாதவன் என்று மட்டும் இருக்கக் கூடாது.

ஒரு சொல்லையும் குறைக்காதே. உன் கையில் இன்னொரு எண்ணைக் கொடுக்கிறேன், தம்பி. முப்பத்தாறு. அப்படியே போடு.

ஆமிராவைப் பற்றிக் கவலைப்படாதே. தமிழ் எழுத்து ஒரு மாதத்தில் வந்துவிடும். நாகவள்ளி சொல்லச் சொன்னாள்.

அம்மையப்பன்


முசஃபா
2-10-2007

அன்புள்ள அண்ணனுக்கு,

முப்பத்தாறு என்று அப்படியே போட்டேன். எழுத்திலும் போட்டேன், எண்ணிலும் போட்டேன். ஆனால் அந்தத் தாளை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கொடுக்காமல் விட்டால் உங்கள் தடை நீங்கிவிடும், உங்களுக்கு நான் செய்த கெடுதலுக்கு அதுவாவது ஈடாகும் என்று ஒரு எண்ணம். அப்புறம் தோன்றியது, திரும்பவும் உங்கள் கணக்கை நான்தான் திருத்தப் பார்க்கிறேன் என்று. கொடுத்துவிட்டேன்.

தடை அப்படியேதான் இருக்கிறது அண்ணே. ஆனால் தாள் மாறிவிட்டது. பழைய தாளில் "தவறாக அளந்து கொடுத்தவர்" என்று இருந்த வரியை அடித்துவிட்டு, "அளவு சரி, தெரிந்தே விதி மீறினார்" என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில் என் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் இருக்கிறது. பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். செய்கு அலாவுதீன் மரைக்காயரிடம் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன். இந்த மாதக் கடைசியில் வருகிறோம். உங்கள் பெட்டியை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை, நானே தூக்கி வருகிறேன். வாசலில் வைத்துவிட்டுப் போ என்று சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

பெருநாள் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று உத்தரவு. முனையில் போட்ட மூன்று ஜோடிக் கால்களையும் பிடுங்கிவிட்டார்கள். அறுத்த இடத்தில் புதிதாக நாற்று நடுவது அர்பாப் செலவு. பழைய பாலத்துக்கு மட்டும் அனுமதி. அதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளந்து எழுத வேண்டும் என்று அந்தச் சூடான்காரர் நேற்று வந்தார். கம்பெனியிலிருந்து வேறு யாரும் வரவில்லை. என்னைத்தான் வரச் சொன்னார்.

அவருக்கும் நோன்பு, எனக்கும் நோன்பு. அவர் டேப்பை இழுத்துக்கொண்டு முனைக்குப் போனார். சேற்றில் நின்று குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு அங்கிருந்தே சத்தம் போட்டார்.

முப்பத்தொன்று அண்ணே. ஒரு விரல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.

தம்பி,
நெய்னா